முதல்ல வீடியோ, அப்புறம்தான் பால்

கீறல் அண்ணன் கண்ணுக்குத் தப்பிய விரிசல் மலேசியாவின் கெடா மாநிலத்தில் இன்னும் விழவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். அவர் ஒரு வாடகை வீட்டுக்குள் நுழைந்தால், எங்கே தன்னையும் ரிப்போர்ட்டில் சேர்த்துவிடுவாரோ என்று பல்லிகூட ட்யூப் லைட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

அவருடைய நிஜப் பெயரை எங்கள் ஊர் திகாம் பத்துவில் யாரும் கேட்டதில்லை. கையுறைத் தொழிற்சாலையில், கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ரிட்டயர் ஆன பிறகு அந்தக் கண் சும்மா இருக்குமா? எங்கள் தாமான் குடியிருப்பில் யார் குடிவந்தாலும், யார் காலி செய்தாலும், கூப்பிடாமலே கைப்பேசியோடு வந்து நிற்பார். சிங்க்குக்கு அடியில் தவழ்வார். கதவை முகர்ந்து பார்த்து, "உள்ளுக்குள்ள கரையான் இருக்கு" என்பார். ஆளைக் கடத்தியவன் படம் எடுப்பதுபோல், கீறலுக்குப் பக்கத்தில் அன்றைய பேப்பரைத் தேதி தெரியப் பிடித்து வீடியோ எடுப்பார்.

நாங்கள் குடிவந்த அன்று என் மனைவி பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள். வாசலிலிருந்தே ஒரு கத்தல்.

"தங்கச்சி, அடுப்பை அணைம்மா! முதல்ல வீடியோ, அப்புறம்தான் பால்! பொங்கி வழிஞ்ச கறையெல்லாம் நாளைக்கு உன் தலையிலதான் விடியும்!"

"நல்ல நேரம் போகுதே அண்ணே!"

"நல்ல நேரம் நாளைக்கும் வரும்லா. டெப்போசிட் போனா வராது!"

வீடு முழுக்கப் படம் எடுத்து, வீட்டுக்காரம்மாவிடம் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் பால் பொங்கியது. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, "சீனி பத்தலை" என்று அதற்கும் ஒரு ரிப்போர்ட் கொடுத்தார் மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

நாங்கள் காலி செய்யும்போதுதான் அவர் அருமை தெரிந்தது. சிங்க் விரிசலை நாங்கள் போட்டதாக வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டது மறந்தே போச்சாம். டெப்போசிட் வராவிட்டால் அடுத்த வீட்டுக்குச் சாவி கிடையாது. அண்ணன் அந்த வீடியோவைப் போட்டார். விரிசல், பேப்பர், அண்ணன் குரல்: "சிங்கில் கீறல். இப்ப ஒழுகலை. மனசு வெச்சா ஒழுகும்."

"இது வேற வீடா இருக்கும்லா" என்றார் வீட்டுக்காரம்மா.

அதே நேரம் வீடியோவுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரலே வந்தது: "அண்ணே, சிங்கை விடுங்க, நான் வாங்கிட்டு வந்த தேத்தண்ணி ஆறுது!"

அப்புறம் என்ன, அன்றைக்கே டெப்போசிட் கைக்கு வந்தது. அடுத்த தெருவுக்கே மாறினோம்.

கடைசியில் அவருக்கும் காலி செய்யும் நாள் வந்தது. அவர் வீடும் அதே அம்மாவுடையதுதான், விற்றுவிட்டார். அண்ணன் செர்டாங்கில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும். லாரிக்கு அந்த டெப்போசிட்டைத்தான் நம்பியிருந்தார். சரியான வேடிக்கை இருக்கும் என்று நானும் மனைவியும் போய் நின்றோம்.

அடுப்பங்கரைப் பலகையில் தோசை அளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம். குடிவந்த அன்று, இறந்துபோன அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, வீடு மந்திரிக்க ஃபாதர் வருவதற்குள் பாலைப் பொங்கவிட்டு, பதறிப்போய்ச் சுடுசட்டியை அப்படியே பலகையில் வைத்துவிட்டார். அன்றைக்கு வீடியோவும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை.

வீட்டுக்காரம்மா அன்று பெரிய மனசோடு வந்திருந்தார். "விடுங்க அண்ணே. முன்னாடியே இருந்த கறைன்னு போட்டுக்கறேன். டெப்போசிட் முழுசா தரேன்."

அண்ணனுக்கு வந்ததே ஆத்திரம்!

"எப்படிம்மா அப்படிப் போடுவீங்க? இது என் ஸ்டெல்லா போட்டது! எழுதுங்க. பலகைக் காசைப் பிடிச்சுக்குங்க!"

ஊரார் கறையையெல்லாம் 'இவங்க போட்டதில்லை' என்று வாதாடிய மனுஷன், தன் வீட்டுக் கறைக்கு அப்படி உரிமை கொண்டாடினார். எழுதி முடிப்பதற்குள் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. லாரியில் கட்டில் ஏறியது. அலமாரி ஏறவில்லை, அதை விற்றுத்தான் லாரிக்குக் கொடுத்தார்.

"ஒரு வீடியோவாவது எடுத்துக்குங்க அண்ணே" என்றேன்.

"வீடியோ எடுக்கறது நாளைக்குச் சண்டை போடறதுக்குடா தம்பி. இதுக்கு நான் யாரோட சண்டை போட?" பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டு லாரியில் ஏறினார்.

புதிதாக வாங்கியவர் பலகையைப் பெயர்த்து எறிந்துவிட்டார். போன மழைக்காலத்தில் அண்ணனும் போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. செர்டாங் என்ன சீமையா? ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் மனசை அரிக்கிறது.

போன வாரம் சுங்கைப் பட்டாணியில் வேறு வீட்டுக்கு வந்தோம். பேப்பரைப் பிடித்துக்கொண்டு மூலைமுடுக்கெல்லாம் வீடியோ எடுத்தேன். அப்புறம்தான் பால். மூன்று டம்ளர் எடுத்து வைத்தேன்.

"நாம ரெண்டு பேர்தானே? மூணாவது யாருக்கு?" என்றாள் மனைவி.

"அண்ணனுக்கு."

அவள் அந்த டம்ளரில் மட்டும் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள்.