சகாயநாதன் கொடுத்த மந்திரி

சகாயநாதன் தன் மந்திரியை, சதுரங்கப் பலகையிலேயே பலமான காயை, வெட்டுக்கு வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரே இருந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் மதலைமுத்து அதை வெட்டவில்லை. மூக்குப்பொடி டப்பாவைத்தான் எடுத்தார்.

தேவராஜ மொஹல்லாப் பேட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்குச் சகாயநாதன் மாதக்கணக்கில் நடையாய் நடப்பது சதுரங்கத்துக்காக அல்ல. அவர் மகள் ரோசலினைப் பெண் கேட்க. ஆனால் பலகையை விரித்துவிட்டால் ஆட்டம் முடியும்வரை வேறு பேச்சு கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். ஆட்டமோ ஜெபமாலை நேரம்வரை இழுக்கும். ஜெபமாலை முடிந்ததும் அவர் படுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோலார் தங்கவயலிலிருந்து யாரோ பெண் பார்க்க வருகிறார்களாம். இன்று கேட்காவிட்டால் போச்சு.

ஆபீஸ் நண்பன் பசவராஜ்தான் தன் கன்னடம் கலந்த தமிழில் வழி சொன்னான்.

"சும்னே மந்திரியைக் கொடுத்துடு மாராயா. அவரு ஆசைப்பட்டு வெட்டுவாரு. குறுக்கால ஓடற உன் ஒட்டகமும் ரெண்டு குதிரையும் போதும், ராஜா காலி. காபி ஆறதுக்குள்ள பொண்ணு கேட்டுடலாம்!"

காபி ஆறிவிட்டது.

"ஏன் தம்பி," என்றார் மாஸ்டர், "மகாராஜா ஆண்ட இந்த ஊர்ல ஜனங்களுக்குன்னு ஒரு மந்திரி கிடைச்சே ரெண்டு வருஷம் ஆகலை. நீ என்னடான்னா சும்மா தூக்கிக் கொடுக்கறே?"

"ஐயோ, பார்க்காம வெச்சுட்டேன் ஐயா!" தலையில் அடித்துக்கொண்டான். அசடு என்று நினைத்தாவது வெட்டட்டுமே.

மாஸ்டருக்கு மனம் இளகிவிட்டது. "அடடா, அதுக்கென்ன. திருப்பி எடுத்துக்கோ."

"வேண்டாங்க ஐயா! வெச்சது வெச்சதுதான்!"

கொஞ்சம் கத்தியே விட்டான். மாஸ்டரின் புருவம் ஏறியது. மந்திரியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், மறுபடியும் பொடி போட்டார். ஏன் வெட்டமாட்டேன் என்கிறார் இந்த மனுஷர்? சகாயநாதனுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. உள்ளே ரோசலின் ஜெபத்துக்கு மெழுகுவத்தி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக வெட்டினார்.

சகாயநாதனின் ஒட்டகம் பாய்ந்தது. ராஜா ஒரு கட்டம் முன்னால் வந்தது. குதிரை குதித்தது.

"செக்மேட்! ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இரு, இரு." மாஸ்டர் தன் ராஜாவைத் தூக்கி, குதிரையைப்போல ஒரு தாவு தாவி வைத்தார். "எங்க ஆட்டத்துல ராஜாவுக்கு ஒரே ஒரு தடவை குதிரைத் தாவல் உண்டு. தெரியாதா?"

"செக் வெச்ச பிறகுமா ஐயா?"

"அப்பத்தானேப்பா தாவணும்!"

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. மந்திரி இல்லாத சகாயநாதனை மாஸ்டர் அவசரமே இல்லாமல், காய் காயாக, ரசித்துச் சாப்பிட்டார். கடைசிச் சிப்பாய் விழவும் ஜெபமணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஜெபம் முடிந்ததும், "நாளைக்கு வா தம்பி," என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

சகாயநாதன் வாசலில் செருப்பைத் தேடினான். கண்ணில் நீர் முட்டியதில் அது எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. ரோசலினின் அம்மா மெட்டில்டா பின்னாலேயே வந்து, செருப்பைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கோலார்க்காரங்களை வரவேண்டாம்னு அவரே போன வாரம் சொல்லி அனுப்பிட்டாரு தம்பி, பொண்ணு உங்களுக்குத்தான்; ஆனா நீங்க வாயைத் திறந்து கேட்டுட்டா மாப்பிள்ளை ஆயிடுவீங்க, மாப்பிள்ளையைத் தோக்கடிக்கிறது மரியாதை இல்லையேன்னு இப்பவே ஆசை தீர ஜெயிச்சுக்கறாரு!"