கீறல் விழாத மனிதர்

செய்தி வந்தது மாலை நாலரை மணிக்கு. தொலைபேசியில் ராய்ஸ். “லவெல் போயிட்டான்பா. மத்தியானம் சாப்பிட்டுட்டு நாற்காலியில சாஞ்சவன் எந்திரிக்கல” என்றார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அதே குரலில், “பெட்டிக்கு ரெண்டு கோட்டிங் போதுமா, மூணு அடிச்சிடலாமா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்வி உங்களுக்குப் புரியவில்லை என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். உங்கள் தெருவில் பூச்சுக்காரர் எவரும் இல்லை என்று அர்த்தம்.

லவெல் டட்சன் ஒரு பூச்சுக்காரர். ராய்ஸ் இன்னொருவர். எங்கள் யூட்டா பாலைவனத்தில், கிரீன் ரிவர் மாதிரிச் சின்ன ஊர்களில், இந்த இனம் நன்றாகப் பல்கிப் பெருகியிருக்கிறது. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் செங்கல்லும் இரும்பும் ஏற்றித் தகரம் வீணாகாமல் இருக்க, தார் போலத் தடிப்பாக ஒரு பூச்சைப் பீய்ச்சி அடிப்பார்கள். பெட்லைனர் என்று பெயர். காய்ந்தால் முதலை முதுகு. தொட்டியோடு நிறுத்திக்கொள்கிறவர் சாதாரண மனிதர். தொட்டிக்கு அடித்தது கொஞ்சம் மிச்சமிருக்கிறதே என்று ஜீப்பின் பம்பருக்கு அடித்து, பம்பர் நன்றாகத்தான் இருக்கிறது என்று பானெட்டுக்கு அடித்து, பானெட்டுக்கும் கதவுக்கும் பொருந்தவில்லையே என்று கதவுகளுக்கு அடித்து, கடைசியில் பெயிண்ட் என்று ஒரு பொருள் உலகத்தில் இருப்பதையே மறந்துவிடுகிறவர் பூச்சுக்காரர்.

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். முழங்கையைப் பாருங்கள். தன் வண்டியில் தானே சாய்ந்து சாய்ந்து சட்டையின் இரண்டு முழங்கையும் கிழிந்திருக்கும். அவர் வீட்டுக்கு நீங்கள் போனால் தண்ணீர் கொடுப்பதற்கு முன் உங்கள் சாவியைக் கேட்பார். எதற்கு என்று நீங்கள் யோசிப்பதற்குள் அதை வாங்கித் தன் ஜீப்பின் கதவில் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுப்பார். “பாரு, கீறல் இருக்கா?” கதவில் கீறல் இருக்காது. அன்று மாலை உங்கள் வீட்டுப் பூட்டு திறக்காது. அவர் தன் சாவியால் இழுத்துக் காட்டக் கூடாதா? அது போன விருந்தாளி வந்தபோதே மழுங்கிவிட்டது.

பாறைக்கும் முள்ளுக்கும் நடுவே வண்டி ஓட்டுகிறவன் கீறலைப் பற்றிக் கவலைப்படவே கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. அப்படிக் கவலைப்படாமல் இருப்பதற்காக அவர்கள் படும் கவலையைப் பார்த்தால் கல்லும் கரையும். ஒரு பூச்சு காய்வதற்குள் எங்கேயாவது மெல்லியதாகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்துவிடும். அதற்காக இன்னொரு பூச்சு. அது காயும்வரை வெளியே எடுக்க முடியாது. எங்கள் ஊர் ஜீப்காரர்கள் சங்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஜீப்புகள் உண்டு. மலைப்பாதையில் ஓடியதைவிட அவை கொட்டகையில் காய்ந்ததுதான் அதிகம். லவெலின் வண்டியில் தூசி தட்டவும் முடியாது. துணியால் துடைத்தால் துணி நார்நாராகக் கிழிந்து அதன்மேலேயே ஒட்டிக்கொண்டு, வண்டி செம்மறியாடு மாதிரி நிற்கும். ஊரிலுள்ள பூனைகள் மட்டும் அந்த ஜீப்பின் அருமையைப் புரிந்துகொண்டன. காலையில் வரிசையாக வந்து நகம் தீட்டிக்கொண்டு போகும்.

ஆனால் இந்த இனத்தின் உச்சகட்ட விநோதம் வேறு. கீறல் விழாமல் இருக்க முதலில் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? வண்டி முழுவதையும் உப்புத்தாள் போட்டுக் கீற வேண்டும். ஆமாம். பழைய பெயிண்டின் பளபளப்பு போகத் தேய்த்தால்தான் பூச்சு பிடிக்கும். தேய்க்காமல் அடித்தால் வெயிலில் வெந்த தோல் போல முழுசாக உரிந்து வந்துவிடும். “தேய்ப்புதான்டா வேலை. அடிக்கறதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு” என்பார் லவெல். பக்கத்து ஊரில் எவனோ தேய்க்காமல் அடித்துவிட்டான் என்ற செய்தியை ராய்ஸ் எங்களுக்குச் சொன்னபோது, மற்றவர்கள் பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடிப்போனவனைப் பற்றிப் பேசும் குரலில் சொன்னார்.

வண்டி முடிந்ததும் பூச்சுக்காரர் ஓய்ந்துவிடுவார் என்று நினைக்கிறீர்களா? டப்பாவில் மிச்சம் இருக்கிறதே. லவெல் வீட்டுத் தபால் பெட்டிக்கு அடித்தார். தபால்காரர் கையுறையோடு வந்தார். ஏணிக்கு அடித்தார். நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அடித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவர் மனைவி ஆர்டித் சீஸ் உருளைக்கிழங்கு சுட்டு எடுத்துப்போகும் கண்ணாடித் தட்டு, கார் இருக்கையில் வழுக்குகிறது என்று அதன் அடிப்பாகத்துக்கு அடித்தார். வாசல் ஊஞ்சலுக்கு அடித்த வருஷம் ஆர்டித்தின் பாவாடைகள் எல்லாமே பின்பக்கம் மட்டும் கம்பளியாகிவிட்டன. ஆர்டித் வாய் திறந்து சண்டை போடுகிறவர் அல்ல. “என்னைத் தவிர எல்லாத்துக்கும் அடிச்சாச்சு. நான் கொஞ்சம் வேகமா நடமாடறதால தப்பிச்சேன்” என்று வருகிறவர்களிடம் சொல்லிவிட்டுக் காபி ஊற்றப் போய்விடுவார்.

சவப்பெட்டி தேர்ந்தெடுக்க மறுநாள் அவரோடு போனது நான்தான். ஈமச்சடங்கு நிலையத்தை நடத்தும் கார்வின் ஒவ்வொரு பெட்டியாகக் காட்டி, இது தண்ணீர் புகாது, இது துரு ஏறாது என்று விளக்கிக்கொண்டு வந்தார். ஆர்டித் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்து ஒரு முறை மெதுவாகத் தடவினார். எல்லாவற்றையும் தடவிவிட்டுத் திரும்பி வந்து ஒரு செர்ரி மரப்பெட்டியின் அருகே நின்றார். சிவப்போடிய மரம், கண்ணாடி மாதிரி வார்னிஷ். “இது” என்றார். வழியில் காரில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். நாளைக்கு மறுநாள் குழிக்குள் இறக்குவதற்கு முன் ஒரு நிமிஷம் அதன்மேல் கையை வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ராய்ஸிடம் இதைச் சொல்லிவிட வேண்டியது என் வேலை என்று பட்டது. ஏனென்றால் லவெல் ஒவ்வொரு விருந்திலும் இறைச்சியைத் திருப்பிக்கொண்டே, “நான் போனா பெட்டிக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சிடுங்கடா. புழு பல்லு உடையட்டும்” என்பார். எல்லோரும் சிரிப்போம். அது வேடிக்கையா, உயிலா? யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பூச்சுக்காரரிடம் மட்டும் இப்படி வேடிக்கையாக எதையும் சொல்லிவிடக் கூடாது. சிரித்து முடித்ததும் அவர் மனதுக்குள் அளவெடுக்க ஆரம்பித்துவிடுவார்.

“செர்ரி மரமா?” என்றார் ராய்ஸ். “அப்போ மரத்துக்குப் போடற பிரைமர் வாங்கணும்.”

“அடிக்க வேணாம்ங்கறேன். அண்ணிக்கு அந்த வழவழப்புதான் பிடிச்சிருக்கு.”

“அது எங்க போகுது? அடியில இருக்கும்ல?”

இதற்கு மேல் என்ன பேசுவது? தோளைத் தட்டி, அடிக்காதே என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை ஆட்டினார். பூச்சுக்காரர் தலையை ஆட்டினால் அவர் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். பின்னால்தான் தெரிந்தது, நான் வீடு போய்ச் சேர்வதற்குள் ராய்ஸ் கார்வினிடம் போய், குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள் என்று காலிப்பெட்டியைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

அடக்கத்துக்கு முந்தைய நாள் மத்தியானம், பெட்டி இறக்க ஆள் வேண்டும் என்று கார்வின் என்னைக் கூப்பிட்டார். நிலையத்தின் பின்முற்றத்தில் ராய்ஸின் பிக்கப் நின்றது. அதன் தொட்டியில் பெட்டி. கறுப்பு. பித்தளைக் கைப்பிடிகளுக்கு மட்டும் டேப் ஒட்டி, காகிதம் சுற்றி, ஒரு துளி படாமல் காப்பாற்றியிருந்தார், அவை பளபளத்தன. மற்றபடி முதலை ஒன்று படுத்திருப்பது போல இருந்தது. பிக்கப்பின் தொட்டிக்கும் அதே பூச்சுதான் என்பதை நாங்கள் மூவருமே மறந்துவிட்டோம். சொரசொரப்பும் சொரசொரப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டன. கைப்பிடிகளைப் பிடித்து மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். பெட்டி வரவில்லை. பிக்கப் வந்தது. ராய்ஸ் ஓடிப்போய் பிரேக் போட்டார். பிறகு தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. என் முன்னங்கை இரண்டிலும் இன்னும் அதன் ஞாபகம் இருக்கிறது.

உள்ளே லவெல் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு மேசைமேல் காத்திருந்தார். கோட்டும் டையும் ஆர்டித் கொண்டுவர வேண்டும். கார்வின் முற்றத்திலேயே பெட்டியின் மூடியைத் திறக்கப் போனார். இடுக்கைத் தேடி விரலை ஓட்டினார். பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். திரும்ப எதிர்ப்பக்கமாக ஒரு முறை நடந்தார்.

“ராய்ஸ், மூடி எங்க?”

“மேல.”

“மேலன்னா எங்க ஆரம்பிக்குது?”

ராய்ஸ் குனிந்து பார்த்தார். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்க வேண்டிய கோடு எங்கேயும் இல்லை. மேலும் கீழும் ஒரே தோலாகிவிட்டிருந்தது. ஜீப் கதவுக்கு அடிக்கும்போது கதவைத் திறந்துவைத்து இடுக்கு முழுவதும் டேப் ஒட்டாமல் பூச்சு பீய்ச்சும் துப்பாக்கியைக் கையில் தொடமாட்டாத மனிதர் அவர். “மூடியைத் திறக்காமலே அடிச்சியா?” என்று கேட்டேன். அவர் கைப்பிடியில் ஒட்டியிருந்த டேப் துண்டு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் ஆர்டித் வந்தார். கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார், டை விரல்களில் சுற்றியிருந்தது. பெட்டியைப் பார்த்தார். அருகில் வந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். சூடான சட்டியைத் தொட்டவர் போல எடுத்துக்கொண்டார்.

கார்வின் வேறு பெட்டி தருவதாகச் சொன்னார். ராய்ஸ், லவெல் ஆசைப்பட்டதுதானே என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஆர்டித் இருவரையும் பார்க்கவில்லை.

“எங்க வீட்ல வழவழன்னு இருந்தது ரெண்டே ரெண்டு, ராய்ஸ்” என்றார். “ஒண்ணு சோப்பு. இன்னொண்ணு அவர் மண்டை. அதைத்தான் நாளைக்கு மண்ணுக்குள்ள வைக்கப்போறோம். மூணாவதா இந்த ஒண்ணுதான் நான் கேட்டது.”

சிரிக்கலாமா கூடாதா என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. கார்வின் உள்ளே போய்க் கத்தி கொண்டுவந்தார். இடுக்கு இருக்க வேண்டிய இடத்தை உத்தேசமாகப் பிடித்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அறுத்தார். அறுத்த இடத்தில் கறுப்பின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டது. ஆர்டித் கோட்டையும் டையையும் என்னிடம் கொடுத்துவிட்டு அந்த ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார்.

வந்தது. கொஞ்சம் அல்ல, முழுசாக. ஈரக் கம்பளத்தைத் தரையிலிருந்து உரிக்கும் சத்தத்தோடு ஒரு முழம், இரண்டு முழம், பிறகு மூடி அகலத்துக்கு ஒரே பாளமாக உரிந்து வந்தது. அடியில் செர்ரி மரம் கடையில் நின்றபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வார்னிஷில் வானம் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை.

தேய்க்காமல் அடித்திருக்கிறார். ராய்ஸ்! ஓடிப்போனவனைப் பற்றிப் பேசும் குரலில் பிறரைப் பேசிய ராய்ஸ்!

ஆர்டித் உரிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். “தேய்க்கலையா தம்பி?”

“ஆரம்பிச்சேன் அண்ணி” என்றார் ராய்ஸ். உடனே, குளிரில் இது சரியாக ஒட்டாது, அதுதான் விஷயம் என்று என்னிடம் திரும்பி விளக்கினார். ஊரெல்லாம் முலாம்பழம் பழுத்து வெடித்துக்கொண்டிருந்த வெயில் அது. ஆமாம், குளிர்தான் என்றேன்.

ஆர்டித் இரண்டு உள்ளங்கைகளையும் மரத்தின்மேல் பரப்பி வைத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் முற்றத்துச் சுவரை ஆராய்ந்துகொண்டு நின்றோம். அவர் முடித்துவிட்டு, பக்கங்களிலிருந்த தோலையும் எங்களோடு சேர்ந்து உரித்த பிறகு, லவெலுக்கு டை கட்டிவிடப் போனார்.

மறுநாள் அடக்கம் ஒழுங்காக நடந்தது. உரித்த தோல் கார்வினின் முற்றத்தில் பெட்டியின் வடிவம் மாறாமல் தானாகவே நின்றுகொண்டிருந்தது. ஒருவர் அது விற்பனைக்கா என்று விசாரித்தாராம். இப்போது அதற்குள் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது.

நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, நல்லவேளை, நம் பக்கத்தில் இந்த இனம் கிடையாது என்று சாய்ந்து உட்காருகிறீர்கள். எதன்மேல் சாய்கிறீர்கள்? கடைக்காரன் போட்டுக் கொடுத்த பாலிதீன் உறையை இன்னும் கழற்றாத சோபாவின் மேல்தானே? டிவி ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டியவர் யார்? பிறந்தநாளுக்கு வந்த நல்ல சட்டையை, நல்ல நாளுக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்து, அது போட முடியாதபடி சின்னதாகிப்போகும்வரை காப்பாற்றியவர்? உங்களுக்குத் துப்பாக்கியும் டப்பாவும் கிடைக்காததுதான் குறை. கிடைத்திருந்தால் ஊஞ்சல் வரைக்குமாவது போயிருப்பீர்கள்.

பெட்டியில் ஓர் இடத்தில் மட்டும் கறுப்பு உரியவில்லை. கால்மாட்டில், இடது மூலையில், ஓர் உள்ளங்கை அகலம். கார்வின் கத்தியால் நெம்பிப் பார்த்தார், ஆர்டித் நகத்தால் பார்த்தார், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ராய்ஸ் ஆரம்பித்தேன் என்றாரே, அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் முறைப்படி தேய்க்கப்பட்டிருந்தது.