நான் போர்த்துக்கேயம் பேசிய நாள்

எனக்குப் போர்த்துக்கேய மொழி தண்ணீர்பட்ட பாடு என்று கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் பலர் நம்புகிறார்கள். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. (இதை வாசித்துவிட்டு நீங்களும் வாயைத் திறக்கக்கூடாது.)

போன கோடையில் இரண்டு குடும்பமாகப் போர்த்துக்கல்லின் தெற்குக் கரைக்குப் போனோம். "ஹோட்டல் எடுப்பம்" என்றார் என் மனைவியின் அண்ணன், பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கும் குகன். நான் விடவில்லை. கடல் தெரியும் வில்லா, முற்றத்தில் தோடம்பழ மரம், சமைக்கச் சொந்தக் குசினி என்று படம் காட்டி மடக்கினேன். பாஷைக்கு என்ன செய்வதென்று கேட்டார். "ஆறு மாசமாப் போனில படிக்கிறன், நான் பாக்கிறன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். படித்தது உண்மைதான். 'பூனை பால் குடிக்கிறது' வரை வந்திருந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. குடும்பப் படம் எடுக்கவேண்டுமென்று எல்லோரையும் விறாந்தைக்கு விரட்டினேன். "ஒருத்தற்ற கையிலயும் போன் இருக்கக்கூடாது!" என்று கட்டளை வேறு. குகனின் கமராவில் எடுத்து முடிய, பின்னால் 'டக்' என்றது. காற்றுக்குக் கதவு சாத்தித் தானாகப் பூட்டிக்கொண்டது.

ஏழு பேர் வெளியே. சாவியும் ஏழு போன்களும் கறியும் உள்ளே.

"ஐயோ, கறி பிடிக்கப் போகுது!" என்றாள் மனைவி வசந்தி.

"கறியோ? வீடே நெருப்புப் பிடிக்கப் போகுது" என்றார் குகன். "இப்ப போய் உம்மட பாஷையைக் காட்டும், மச்சான்."

வீட்டுக்கார அம்மா பக்கத்து வளவு வீட்டில் இருந்தார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. குகனும் மற்றவர்களும் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்க, நான் ஓடினேன். பின்னால் வசந்தி. அந்த அம்மாவின் முன் போய் நின்றபோது என் மூளையில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு வசனம். கைகூப்பி, கண்கலங்கி, போர்த்துக்கேயத்தில் அதையே சொன்னேன்: பூனை பால் குடிக்கிறது.

அவர் இரக்கத்தோடு பார்த்தார். உள்ளே போய்க் கிண்ணம் நிறையப் பால் கொண்டுவந்து தந்தார்.

"மச்சான், புகை வருது!" என்று குகனின் குரல் கேட்டது.

"என்னப்பா முழிக்கிறீங்கள்? ஏதாவது சொல்லுங்கோவன்!" என்றாள் வசந்தி.

பால் கிண்ணத்தோடு அவள்மேல் பாய்ந்தேன். "என்னத்தைச் சொல்ல? சாவி குசினி மேசையில! ஜன்னலும் பூட்டு!"

"ஷாவ்?" என்றார் வீட்டுக்கார அம்மா. "குசீஞா? மேசா? ஜனேலா?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் யாழ்ப்பாணத்தை முந்தி ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள்! பிறந்ததிலிருந்து நான் பேசிவந்த பாஷைக்கு ஆறு மாதம் வீணாகப் பாடம் படித்திருக்கிறேன். "ஓம் அம்மா, ஓம்! சாவி! குசினி!" என்று துள்ளினேன். ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் என்னைவிட வேகமாக ஓடினார்.

கறி அடியில் கொஞ்சம் பிடித்ததோடு தப்பியது. வீடும் தப்பியது. அந்த அம்மாவையும் சாப்பிட்டுப் போகும்படி மறித்தோம். கதிரையைக் காட்டி, சொல்லைக் கொஞ்சம் இழுத்து "கதேய்ரா" என்றேன், அமர்ந்தார். கறிக்குத் தொட்டுக்கொள்ளப் பாணை நீட்டி, மூக்கால் "பாவ்ன்" என்றேன், எடுத்தார். குகன் வாயைப் பிளந்தார்.

"மச்சான், உண்மையாவே படிச்சுப்போட்டீர், என்ன!"

நான் அடக்கமாகத் தலையாட்டினேன். மேசைக்குக் கீழே வசந்தி என் காலை மிதித்தாள்.

இப்போது எந்த வீட்டுப் பிறந்தநாள் விழாவிலும் குகன் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் புகை கூடுகிறது, என் போர்த்துக்கேயமும் சரளமாகிறது. வருகிற கோடைக்கு அவரே இத்தாலியில் வில்லா எடுத்துவிட்டார். "பாஷைப் பிரச்சினையே இல்லை, என்ர மச்சான் வாறார்" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார்.

இத்தாலிக்காரர் எப்போதாவது யாழ்ப்பாணத்தை ஆண்டிருக்கிறார்களா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.