மீசையைப் பந்தயம் வைத்த மச்சானுக்கு, தக்காளி வேர் விஷயமாக

நந்திதுர்க்,
17.6.1998

அன்புள்ள மச்சான் மாணிக்கராஜுக்கு,

உன் அக்காள் புருஷன் முனிரத்தினம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காளும் சுகம். அங்கே நீ, உன் சம்சாரம், பிள்ளைகள், உன் மீசை எல்லோரும் சுகமா? மீசையைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது. "மண்ணே இல்லாம தண்ணியில செடி வெச்சா வேரு அழுவிப் பூடும் மாமா, ஒரு பழம் பழுத்துதுன்னா நான் மீசைய எடுத்துர்றேன்" என்று பொங்கலன்று என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே சபதம் போட்டாயே, அந்தப் பழம் இந்தக் கடிதத்தோடு குடியாத்தம் பஸ் கண்டக்டர் கையில் வருகிறது.

சும்மா வந்த பழமில்லை. மண்ணில்லா விவசாயம் என்று ஒரு பத்திரிகையில் படித்து, உன் அக்காளின் தண்ணீர் டிரம்மைக் கேட்டு வாங்கி, கேட்டு என்பது மரியாதைக்கு எழுதுவது, கொல்லையில் நிறுத்தி, மூடியில் ஆறு ஓட்டை போட்டு ஆறு தக்காளி நாற்று வைத்தேன். கடை உரத்தைத் தொடமாட்டேன் என்று கடலைப் புண்ணாக்கையும் சாணத்தையும் ஊறவைத்து, சக்கையோடு அப்படியே ஊற்றினேன். நாலாம் நாள் அடுத்த வீட்டு ஐடா டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "இன்னாண்ணா, பெருச்சாளி எதனா செத்துக் கெடக்குதா?" என்றார். மூடியைத் தூக்கினால் வேரெல்லாம் பழுப்பேறி, விளக்கெண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருக்கிறது. உன் மீசை கண்முன் வந்து சிரித்தது.

ஆனால் நான் யார்? தங்க மைன்ஸில், சுரங்கத்துக்குள் காற்று அனுப்புகிற வென்டிலேஷன் செக்‌ஷனில் முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டவன். ஷாஃப்டில் இறங்கும்போதே காற்று கெட்டிருக்கிறதா என்று என் மூக்கு சொல்லிவிடும். ஆறாயிரம் அடிக்குக் கீழே மனுஷனுக்கு எது வேண்டுமோ அதுதானே வேருக்கும் வேண்டும்? வேரை நல்ல தண்ணீரில் அலசினேன். கரைசலை என் வேட்டியில் வடிகட்டி, தெளிந்ததை மட்டும் ஒன்றுக்குப் பத்தாகத் தண்ணீரில் கலந்தேன். டிரம்மை முழுக்க நிரப்பாமல், பாதி வேர் காற்றிலும் பாதி வேர் நீரிலும் இருக்கும்படி லெவல் வைத்தேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்குமென்று பழைய கம்பளியைச் சுற்றினேன். ராபர்ட்சன்பேட்டையில் மீன் தொட்டிக்கு வைக்கிற பம்பு ஒன்று வாங்கி, மூன்று ஷிஃப்டும் காற்று விட்டேன்.

அப்படியும் திங்கட்கிழமையானால் நாற்றம் வந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உன் அக்காள்தான் துடைப்பமும் கையுமாக வந்து, "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எதுக்கு பம்ப நிறுத்துறீங்க?" என்றாள்.

"வேல செய்யற மெஷினுக்கு வார லீவு உட வேணாமா?"

"மைன்ஸ்ல ஞாயித்துக்கெழமன்னு ஃபேனுக்கு லீவு உட்டீங்களா?"

அத்தனை வருஷ சர்வீஸ்காரனை ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிட்டாள். அன்றோடு பம்புக்கு லீவு கேன்சல்.

இப்போது வந்து பார் மச்சான்! பிரித்துப் போட்ட நூல்கண்டு மாதிரி வெள்ளை வெளேரென்று வேர். காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். ஐடா டீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளையே வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வெளிப்படையாகவே எழுதுகிறேன். ரிடையரானபோது கொடுத்த மாலைக்குக்கூட நான் இப்படிப் பூரித்ததில்லை. ஆகவே வாக்குத் தவறாமல் மீசையை மழித்து, போட்டோ எடுத்து அனுப்பவும்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். உன் சம்சாரத்தை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

உன் மேலுதட்டைக் காண ஆவலோடிருக்கும்,
முனிரத்தினம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் நேரத்தில், கீழே கூட்ட வேண்டும், டிரம்மை நகர்த்துங்கள் என்றாள் உன் அக்காள். நகரவில்லை. எதிர்வீட்டு முனியப்பனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாகச் சாய்த்துப் பார்த்தோம். அடியில் துணி அடைத்து வைத்திருந்த பழைய குழாய் ஓட்டை வழியாக வேர்கள் வெளியே போய், ஒரு முழத்துக்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கின்றன. எத்தனை மாதமாக அங்கே சாப்பாடு நடக்கிறதோ தெரியவில்லை. உன் அக்காள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பத்தோரு வருசம் பூமிக்குள்ள எறங்கனவரு வளத்த வேரு, வேற எங்க போவும்?" என்றாள். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. பாதிக் கடிதத்திலேயே பார்பர் ஷாப்புக்குக் கிளம்பியிருந்தால் திரும்பி வா. மீசையைத் தொடாதே. பழத்தைச் சாப்பிடு, நல்ல பழம்.