நூறு சதவீத வெற்றியும் ஒரு லிஃப்டும்

ஆய்வு மாணவர் ஒருவர்கூடத் தோற்காத பல்கலைக்கழகம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதன் வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கும் பேறு அக்காவுக்குக் கிடைத்திருந்தது. கூடப் பிறந்தது ஒரே தம்பிதான் என்றாலும், பேராசிரியர்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அக்கா. அந்த ஒரே தம்பியும் எதிர்க் கட்டடத்தில்தான் தாவரவியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தான்.

தோல்வியே இல்லாமல் ஒரு பல்கலைக்கழகம் எப்படி நடக்கும் என்று பொறாமைக்காரர்கள் கேட்பார்கள். அதற்கென்றே ‘ஆய்வு மாணவர் வெற்றி உயர் மையம்’ இருந்தது. மையத்தின் இயக்குநர் ஒவ்வோர் ஆண்டும் பட்டமளிப்பு மேடையின் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொள்வார். பட்டம் வாங்கி இறங்குகிறவர்களை நிறுத்தி, “ஆய்வை முடிச்சுட்டீங்களா?” என்று கேட்பார். எல்லோரும் முடித்துவிட்டதாகவே சொல்வார்கள். வெற்றி விகிதம் நூறு.

“பாதியில விட்டுட்டுப் போனவங்க?” என்று ஒரு தடவை யாரோ ஒரு பத்திரிகைக்காரர் கேட்டுவிட்டார்.

“அவங்க மேடைக்கே வரலையே சார். வராதவங்களை நிறுத்தி எப்படிக் கேக்கறது?” என்றார் இயக்குநர். அறிவியல் முறை என்றால் அதுதான்.

தம்பியின் நெறியாளரான பேராசிரியரும் முறை தவறாதவர். உட்கார்ந்த இடத்தில் யாருக்கும் வழிகாட்ட மாட்டார். உட்கார்ந்தால் கூட்டம், கோப்பு, கையெழுத்து. எழுந்து நடந்தால்தான் மாணவர்களுக்கு நேரம். ‘நடந்துகொண்டே வழிகாட்டல்’ என்று அதற்குப் பெயரும் வைத்து, இரண்டு வெளிநாடுகளில் உரையாற்றியும் வந்தார். நாலாவது மாடியில் அவர் அறை. அறை வாசலில் காத்திருக்க வேண்டியது. அவர் கிளம்பியதும் கூடவே நடக்க வேண்டியது. கார் கதவு சாத்தும் வரை கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ள வேண்டியது. இதில் ஏழை பணக்காரன் என்ற பேதமே கிடையாது. எல்லோருக்கும் அதே படிக்கட்டு.

கார் கதவு சாத்திய பிறகுதான் சின்ன வித்தியாசம். பேராசிரியரின் மாணவர்களில் ‘மாப்பிள்ளை’ என்று ஒருவன் இருந்தான். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முன்வரிசையில் தனக்கொரு நாற்காலி காலியாக இருக்கும் என்று நம்பி நடப்பவன். நாற்காலியும் அவனை ஏமாற்றியதில்லை. அவன் அப்பாவும் ஒரு பேராசிரியர். இருவர் வீடும் ஒரே தெருவில். ஆகவே கார் கதவு அவனை உள்ளே வைத்துக்கொண்டு சாத்திக்கொள்ளும். ஊர்ப் போக்குவரத்து நெரிசல் முழுக்க அவனுக்கு வழிகாட்டல்தான். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றும் ஒரு பத்தி. அவனுடைய முதல் கட்டுரை ஒரு ரயில்வே கேட்டில் முடிந்தது என்று அவனே பெருமையாகச் சொல்வான்.

தம்பிக்குப் படிக்கட்டு போதும் என்றுதான் இருந்தது. குறை சொல்லத் தெரியாதவன். உதவித்தொகை வராத மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தான். மீதி நேரத்தில் கடையில் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றான். அக்காதான் அவ்வப்போது அலுவலகத்துக்குப் போய் விசாரிப்பாள்.

“சார், தம்பியோட உதவித்தொகை...”

“வரும்மா.”

“எப்ப சார்?”

“வரும்போது.”

“அதுவரைக்கும் அவன் என்ன பண்றது?”

“ஆராய்ச்சி பண்ணட்டும். அதுக்குத்தானே சேர்ந்திருக்கான்?”

பதிலில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

அவன் ஆராய்ச்சி அக்காவுக்குப் புரியும்படியானது. ஒரே செடியின் விதைகளை மூன்று பெட்டிகளில் போட்டான். ஒரு பெட்டிக்கு ஜன்னலோர வெயில், வேளாவேளைக்குத் தண்ணீர். இன்னொன்றுக்கு யாருக்காவது ஞாபகம் வந்தால் தண்ணீர். மூன்றாவது அலமாரிக்கு அடியில். முதல் பெட்டி பூத்தது, இரண்டாவது இழுத்துக்கொண்டிருந்தது, மூன்றாவது வெளுத்துப்போய்ச் சாய்ந்தது. அப்புறம் மூன்றாவது பெட்டியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தான். அதுவும் பூத்தது.

“இதுக்கா இத்தனை வருஷம்? என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனேடா!” என்றாள் அக்கா.

“நீ சொன்னா பட்டம் குடுக்க மாட்டாங்கக்கா. விதை மேல தப்பில்லைன்னு கணக்குப் போட்டு நிரூபிக்கணும். மூணாவது அத்தியாயத்துல நிரூபிச்சிருக்கேன். சார் படிச்சுட்டு நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா சமர்ப்பிச்சுடலாம்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தான். இரண்டாவது மாடி வந்திருக்கும்போது “மூணாவது அத்தியாயம் சார்” என்பான். “படிக்கறேன் படிக்கறேன்” என்பதற்குள் கார் வந்துவிடும்.

இந்த நிலையில் மாணவர் நல நிதியிலிருந்து கட்டடத்துக்கு லிஃப்ட் வந்தது. மாணவர் நலனை முன்னிட்டு அதன் கதவில் ‘ஆசிரியர்களுக்கு மட்டும்’ என்று ஒரு பலகையும் வந்தது. தம்பியின் வழிகாட்டல் நாலு மாடியிலிருந்து, அறை வாசலுக்கும் லிஃப்ட் கதவுக்கும் நடுவில் உள்ள வராந்தாவாகச் சுருங்கியது.

“மேல ‘மூணாவது’ன்னு ஆரம்பிக்கறேன், கதவு மூடிடுதுக்கா. படியில ஓடினா, கீழ அவர் கார்ல ஏறுறதுக்குள்ள ‘அத்தியாயம்’னு முடிச்சுடலாம்” என்று சிரித்தான்.

“நீயும் உள்ள ஏறிக்கயேன். அடிச்சா விரட்டுவாங்க?”

“ஏறினேன். ‘நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க’ன்னு கேட்டார் லிஃப்ட்காரர்.”

“உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? சார் ஊருக்குப் போறப்பல்லாம் அவர் வகுப்பை நீதானே எடுக்கறே?”

“அதைச் சார் முன்னாலயே சொல்ல முடியுமாக்கா?”

மின்வெட்டு வந்தால் மட்டும் அவன் முகம் மலரும். ஊரே மின்சார வாரியத்தைத் திட்டும்போது மனதார வாழ்த்தியவன் அவன் ஒருவன்தான்.

ஏழாவது வருஷத்தில் ஒரு நாள் காய்ச்சலோடு போனான். “இன்னைக்கு விட்டா சார் வெளிநாடு போயிடுவார்” என்றான். லிஃப்டுக்குப் போட்டியாக நாலாவது மாடியிலிருந்து ஓடி வந்தவன், இரண்டாவது மாடித் திருப்பத்தில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை. கீழே கார் கிளம்பிவிட்டது.

மருத்துவர் இதயத்தைப் பற்றி ஏதோ நீளமான பெயர் ஒன்று சொன்னார். வெற்றி மையத்தின் இயக்குநர் இரங்கல் கூட்டத்தில் சுருக்கமாகச் சொன்னார்: “ஆர்வம்!”

கடையை மூடிவிட்டு வீட்டோடு கிடந்த நாட்களுக்குப் பிறகு, அக்கா ஷட்டரைத் தூக்கியதும் செய்த முதல் வேலை தம்பியின் ஆய்வேட்டைப் பைண்டு செய்தது. கறுப்பு ரெக்ஸின், பொன் எழுத்து. ஊராருக்கெல்லாம் போட்டதைவிட ஒரு தையல் கூடுதலாகப் போட்டாள். இறந்தவருக்குப் பட்டம் தர விதியில் இடம் இருக்கிறது, நெறியாளர் படித்துவிட்டுத் தகுதியானது என்று சொன்னால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தம்பி காத்திருந்த அதே ஒரு வார்த்தை. அதே வராந்தாவில் அக்காவும் காத்திருக்க ஆரம்பித்தாள்.

“சார், தம்பியோட...”

“ஆமாம்மா, ரொம்ப வருத்தமான விஷயம்” என்பார் பேராசிரியர், உள்ளபடியே வருத்தத்தோடு. கதவு மூடிக்கொள்ளும்.

பல்கலைக்கழகமும் சும்மா இருக்கவில்லை. அந்தப் படிக்கட்டுக்கு வண்ணமடித்து, ‘வெற்றிப் படிகள்’ என்று பெயர் சூட்டி, ‘முயற்சி’, ‘உழைப்பு’, ‘பொறுமை’ என்று படிக்கு ஒரு சொல்லாக எழுதியது. ரிப்பனை நாலாவது மாடியில் கட்டியிருந்ததால், படிக்கட்டைத் திறந்து வைக்கப் பிரமுகர்கள் லிஃப்டில் போனார்கள். சிறப்பு அழைப்பாளரான அக்கா, ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ‘முயற்சி’யில் கால் வைத்து ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தை மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டே கடந்தாள்.

பேராசிரியர் உருக்கமாகப் பேசினார். “ஒரே கட்டடம், ஒரே நூலகம், ஒரே நெறியாளர். ஒருத்தர் ஜெயிக்கிறார், ஒருத்தரால முடியல. ஏன்? நான் தாவரவியல்காரன், சொல்றேன். எல்லாம் விதையில இருக்கு!”

கைதட்டல் அடங்குவதற்குள் மின்சாரம் போய்விட்டது.

பிரமுகர்கள் உச்சிப் படியான ‘வெற்றி’யிலிருந்து தட்டுத் தடுமாறி இறங்கினார்கள். முட்டிவலிக்காரரான பேராசிரியர் பின்தங்கினார். அக்கா கூடவே இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில், ‘பொறுமை’ என்று எழுதிய படியில், அவர் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்த இடம் எது என்று அக்கா சொல்லவில்லை.

“இதைக் கொஞ்சம் பாருங்க சார். மூணாவது அத்தியாயம்” என்று நடுவில் விரித்து மடியில் வைத்தாள்.

கோப்பு இல்லை, கூட்டம் இல்லை, போன் இல்லை. வேறு வழியில்லாமல் பேராசிரியர் படித்தார். பக்கம் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“பிரமாதம்! மூணாவது பெட்டியை இடம் மாத்தி வெச்சான் பாருங்க, அங்க நிக்கறான்! யாரும்மா இது? உங்க கடைக்கு பைண்டிங்குக்கு வந்ததா?”

அவர் அடுத்த பக்கத்தையும் திருப்பினார்.

“இப்படி ஒரு பையன் எனக்குக் கிடைச்சிருந்தா எங்கேயோ கொண்டுபோயிருப்பேனே! எந்த நெறியாளர்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறானோ!”

“அட்டையில இருக்கு சார். பொன் எழுத்துல போட்டிருக்கேன்.”

பேராசிரியர் அட்டையைத் திருப்பினார். தம்பியின் பெயர் மேலே இருந்தது. அவர் பெயர் கீழே இருந்தது.

அப்போது மின்சாரம் வந்தது. இரண்டாவது மாடியில் லிஃப்ட் மணி அடித்தது. அவர் வேட்டுச் சத்தம் கேட்டவர்போல் எழுந்து அதை நோக்கி நடந்தார்.

“நான்... பேசறேன்ம்மா. நடக்கும்போது பேசிக்கலாம்.”

கதவு மூடிக்கொண்டது. ஆய்வேடு படியிலேயே கிடந்தது.

அந்த ஆண்டின் ‘சிறந்த நெறியாளர்’ விருது பேராசிரியருக்குக் கிடைத்ததில் யாருக்கும் வியப்பில்லை. விருதுப் பட்டயத்துக்குப் பொன் எழுத்து அடிக்கும் வேலை அக்கா கடைக்குத்தான் வந்தது. கொண்டு வந்தவன் மாப்பிள்ளை. இப்போது அதே துறையில் உதவிப் பேராசிரியர், லிஃப்டில் போகிறவன்.

“வாசகம் நான்தான்க்கா எழுதினேன். சரியா இருக்கான்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க.”

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். “‘இவரிடம் சேர்ந்து ஆய்வை முடித்த மாணவர்கள் அனைவரும் வெற்றிகரமாக முடித்திருக்கிறார்கள்.’”

“எப்படி இருக்குக்கா?”

“ரொம்பச் சரியா இருக்கு தம்பி” என்றாள் அக்கா, அச்சை அழுத்திக்கொண்டே. “எங்க வீட்லயும் அப்படித்தான். உயிரோட இருக்கறவங்க எல்லாரும் உயிரோடதான் இருக்கோம்.”