‘செய்யாட்டி’ குடியிருந்த மேல்வீடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவர்களுக்குள் மிக அதிகமாகக் கேள்வி கேட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதலிடத்தை ‘செய்யாட்டி’க்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு இரண்டாமிடத்துக்குத்தான் ஆள் தேடவேண்டும். ஆறு மாதம் அவர் எங்கள் மேல்வீட்டில் குடியிருந்தார். அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் அவருடைய விசாரணைக்குத் தப்பிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது சுவாமிப்படம். அதையும் ஒருநாள் பயபக்தியோடு கும்பிட்டுவிட்டு, ஆணி உறுதிதானா என்று ஆட்டிப் பார்த்தார்.

நீர்வேலியில் நானும் அக்காவும் மட்டும் இருக்கிறோம். அக்கா ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. நான் கலியாணமாகாத தங்கச்சி; கமநலக் கந்தோரில், அதாவது விவசாய அலுவலகத்தில், எழுதுவினைஞர். மேல்வீடு வெறுமையாகக் கிடந்ததால் வாடகைக்கு விடுவதென்று முடிவெடுத்த மறுநாளே வாசல் படலையடியில் ஒரு நெட்டை மனிதர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். தலையில் ஹெல்மெட். சைக்கிளுக்கு ஹெல்மெட் போடுகிறவர்களையே எங்கள் ஊரில் காணமுடியாது. இவர் உருட்டிக்கொண்டு வரும்போதும் போட்டிருந்தார்.

“தண்ணி வசதி எப்பிடி?” என்று கேட்டார்.

“கிணறு இருக்கு. மோட்டர் இருக்கு,” என்றாள் அக்கா.

“மோட்டர் வேலை செய்யாட்டி?”

“வாளியாலை அள்ளலாம்.”

“கயிறு அறுந்தால்?”

“பக்கத்து வீட்டிலை அள்ளலாம்.”

“அவையோடை நீங்கள் கோவமெண்டால்?”

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் ஒருவருக்கும் பணியாத அக்கா பக்கத்து வேலியைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு மணியக்காவோடு எங்களுக்கு எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. முருங்கைமரக் கொப்பு ஒன்று வேலிக்கு இந்தப் பக்கம் சரிந்த விவகாரம். “உது உவருக்கு ஆர் சொன்னது?” என்று அக்கா என் காதுக்குள் கேட்டாள். ஒருவரும் சொல்லவில்லை. அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்பார். அன்று பின்னேரமே அக்கா அவருக்கு ‘செய்யாட்டி’ என்று பெயர் வைத்துவிட்டாள். ஒரு கிழமைக்குள் அது சந்திவரை போய்விட்டது.

கொடிகாமத்தில் அவருடைய தாயின் காணி ஒன்று உறுதிப் பத்திரம் முடிக்கப்படாமல் கிடந்தது. அதை முடிப்பதற்காக வந்திருந்தார். பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுப் போனவர் ஐம்பத்தெட்டு வயதில் திரும்பியிருந்தார். வேலை, ஒரு குளிர்நாட்டில். நாட்டின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஆகவே எழுதவில்லை. அவருடைய கந்தோர் ஆறு மாதம் இங்கேயிருந்தபடி கூட்டங்களில் கலந்துகொள்ள அனுமதித்திருந்தது.

“என்ன கந்தோர், தம்பி?” என்று அக்கா விசாரித்தாள்.

“அணுவுலைப் பாதுகாப்பு.”

“அணுவுலை கட்டுறனீங்களோ?”

“இல்லை. கட்டுறவையும் ஓட்டுறவையும் வேறை ஆக்கள். நாங்கள் அரசாங்கத்தின்ரை பக்கத்திலை நிண்டு பாக்கிறம். இது பழுதாகாது எண்டு அவை ஆயிரம் பக்கத்திலை எழுதித் தருவினம். பழுதானால்? எண்டு நாங்கள் கேப்பம். அதுக்கு மறுமொழி எழுதுவினம். அதுவும் பழுதானால்? எண்டு கேப்பம்.”

“எவ்வளவு காலமாய்?”

“இருபத்தெட்டு வருசம்.”

“இஞ்சை எங்கடை சனம் உந்த வேலையைச் சும்மா செய்யுதுகள்,” என்றாள் அக்கா.

அடுத்த கேள்வி எங்கள் ஊர் வழக்கப்படி வந்தது. “கலியாணம்?”

“செய்யேல்லை.”

“ஏன்?”

“ஒவ்வொருமுறையும் ஒரு கேள்வி மிஞ்சிக் கிடந்தது,” என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று தெரியாத மாதிரி நான் இருந்தேன்.

அணுவுலை என்ற சொல் படலையைத் தாண்டியதும் அணுகுண்டாக மாறியது. தயிர் கொண்டுவருகிறவர் சட்டியை மதிலில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போகத் தொடங்கினார். செய்யாட்டியோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஊரைப் பரிசோதித்தார். சந்தியில் மின்கம்பம் சரிந்திருப்பதாக மூன்று கடிதம் எழுதினார். கோயில் தேரின் சக்கரத்துக்குக் கீழே படுத்துப் பார்த்தார். ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஊரே தண்ணீரோடு ஓடிவந்தது.

அவரை மடக்கியது ஒரே ஒருவர், எங்கள் பின்வளவு வாழைத்தோட்டக்காரர்.

“அண்ணை, பெருங்காத்து அடிச்சால் உந்த வாழை என்ன ஆகும்?” என்று இவர் கேட்டார்.

“விழும்.”

“விழுந்தால்?”

“திருப்பி நடுவன்.”

செய்யாட்டி படியேறி வரும்போது என்னிடம் சொன்னார்: “அந்த மனுசனிலை எனக்குப் பொறாமையாய்க் கிடக்கு. எங்கடை வேலையிலை அந்த மறுமொழியை மட்டும் எழுத ஏலாது.”

மணியக்கா விவகாரத்தை அவர் மறக்கவில்லை. “உங்கடை வீட்டிலை தீராமல் கிடக்கிற குறை இது ஒண்டுதான்,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் போனார். ஒரு மணித்தியாலம் கழித்து மணியக்கா வேலியடிக்கு வந்து, யாரையும் பார்க்காமல் முருங்கைமரத்தைப் பார்த்துச் சொன்னாள்: “எங்கடை மோட்டர் பழுதாகினால் நாங்களும் அங்கைதானாம் அள்ளவேணும்.”

அக்காவும் முருங்கைமரத்தைப் பார்த்து, “அள்ளட்டும், ஆர் மறிச்சது?” என்றாள்.

செய்யாட்டி அந்த இடத்திலேயே வேலிக்கு நட்ட கதியால்களில் நான்கைப் பிடுங்கி ஒரு பொட்டு, அதாவது ஒரு சின்ன வழி, வைத்தார். ஆள் குனிந்து போகும் அளவு. எட்டு வருடக் கோபம் அவ்வளவுதான். முதலில் புகுந்து போனது எங்கள் நாய்.

பிறகு கார்த்திகை மழை வந்தது. மூன்று நாளாக விடவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல் ஒன்றரைக்கு அவருக்குப் பெரிய கூட்டம். அங்கே நிறுத்திவைத்திருந்த ஓர் உலையைத் திரும்ப இயக்க அனுமதி கேட்டிருந்தார்கள். கரண்ட் நின்றால் உலையை ஆறவைக்கும் பம்புகளை ஓட்ட, இரண்டு ஜெனரேற்றர்கள் இரண்டு கட்டடத்தில் இருக்கின்றன. ஆனால் இரண்டின் வயர்களும் நிலத்துக்குக் கீழே வெட்டிய ஒரே கானுக்குள்ளால், ஒரே வாய்க்காலுக்குள்ளால், போகின்றன. அந்தக் கானுக்கு ஏதும் நடந்தால்? ஒன்றும் நடக்காது என்று அணுமின் நிலையத்தார் மறுமொழி எழுதியிருந்தார்கள். அவருடைய கந்தோரின் மற்ற மதிப்பீட்டாளர்கள் களைத்துச் சம்மதிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

“இண்டைக்கு நான் கதைக்காட்டி, திறக்க விட்டிடுவினம்,” என்றார். காலைப் புட்டு அப்படியே கிடந்தது.

மடிக்கணினி தன் சொந்தப் பற்றரியில் கால் மணித்தியாலம்கூட ஓடாது. ஆகவே கூட்டம் குழம்பாமல் இருக்க எல்லாம் ஆயத்தம் செய்திருந்தார். ஊர்க் கரண்ட் நின்றால் பெரிய பற்றரி. பற்றரி இறங்கினால் வாடகை ஜெனரேற்றர். இரண்டையும் எங்கள் கீழ்வீட்டில் இரண்டு படி இறங்கும் சாமான் அறையில் துணிபோட்டு மூடி வைத்திருந்தார்.

ஒரு மணிக்கு எங்கேயோ பனை முறிந்து வயரில் விழுந்து, ஊர்க் கரண்ட் நின்றது. “பரவாயில்லை, பற்றரி இருக்கு!” என்று மேலேயிருந்து உற்சாகமாகச் சத்தம் வந்தது. நான் அரிசி மூட்டையை எடுப்பதற்காகச் சாமான் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே முழங்காலளவு தண்ணீர். பற்றரி வயரோடு மூழ்கிக்கொண்டிருந்தது. ஜெனரேற்றர் அரைவாசி தாண்டிவிட்டது. அதே நேரம் மேலே லைற் நின்றுபோக, அவர் படியால் இரண்டிரண்டாகப் பாய்ந்து வந்து, தண்ணீருக்குள் காலை வைக்கப் போனார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அக்கா அவரைத் தம்பி என்றாள். ஊர் அண்ணை என்றது. நான் மட்டும் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொண்டையைச் செருமிவிட்டுக் கதைப்பேன். அன்று செரும நேரமில்லை.

“இஞ்சாருங்கோ! தண்ணிக்கை கால் வையாதேங்கோ!” என்று கத்திவிட்டேன்.

எங்கள் ஊரில் அந்த ‘இஞ்சாருங்கோ’வைப் பெண்கள் கட்டின மனுசனுக்கென்று வைத்திருப்பார்கள். தயிர்க்காரரையோ வாடகைக்கு இருப்பவரையோ அப்படிக் கூப்பிடமாட்டார்கள். மழையின் இரைச்சலையும் தாண்டி அது வேலிக்கு அந்தப் பக்கம் போனது. அவர் தூக்கிய கால் தூக்கியபடி நின்றார். அக்கா குசினி வாசலில் கரண்டியோடு நின்றாள்.

மணியக்காவின் தலை பொட்டுக்குள்ளால் வந்தது. என்னை ஒருமுறை, அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “உங்கை நிண்டு என்ன பாக்கிறியள்? எங்கடை வீட்டுச் சோலார் பற்றரியிலை இன்னும் கரண்ட் இருக்கு. ஓடி வாங்கோ!” என்றாள்.

அவர் மடிக்கணினியைக் கடைப் பைக்குள் வைத்து, ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு, பொட்டால் குனிந்து போனார். பின்னால் நான் குடையோடு. மணியக்காவின் குசினிக் கதிரையில் அவரை இருத்தி, என் கைத்தொலைபேசியின் இணையத்தைக் கொடுத்தோம். திரையில் பதினொரு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்துபோனார்.

அவர் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு விளங்கிய அளவில் தருகிறேன்.

“பிந்தியதற்கு மன்னிக்கவேண்டும். இங்கே கரண்ட் நின்றால் பாவிக்க என்னிடம் இரண்டு ஏற்பாடு இருந்தது. இரண்டையும் நானே ஒரே அறையில் வைத்தேன். இருபத்தெட்டு வருடமாக உங்களிடம் கேட்கிற கேள்வியை என்னிடம் நான் கேட்கவில்லை. ஒரு முழங்கால் தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டது. நான் கவனமில்லாத ஆள் இல்லை. நீங்களும் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.”

மணியக்காவின் கோழி ஒன்று கதிரைக்குக் கீழே நின்று தன் கருத்தைச் சொன்னது. திரையில் ஒரு நரைத்த மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிலையத்தாரைப் பார்த்து, வயர்களைப் பிரித்து வேறு வழியால் கொண்டுபோக எவ்வளவு காலம் பிடிக்கும் என்று கேட்டார். அன்று அனுமதி கொடுபடவில்லை. வேறாக ஒரு கான் வெட்டி முடித்த பிறகுதான் அந்த உலை இயங்கியதாம்.

கூட்டம் முடிந்த பிறகுதான் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மணியக்கா தேத்தண்ணி கொடுத்தாள். அவர் எதையும் கேட்காமல் குடித்த முதல் தேத்தண்ணி அது. வேலிப் பொட்டடியில் திரும்பி என்னைப் பார்த்து, “நல்ல காலம், நீங்கள் கூப்பிட்டது,” என்றார். எப்படிக் கூப்பிட்டேன் என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஊர்தான் சொன்னது, இரண்டு மாதம்.

மாசியில் காணி உறுதி முடிந்தது. கந்தோரிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். போவதற்கு முதல்நாள் பின்னேரம் மூவரும் முற்றத்தில் இருந்தோம். அக்கா சுற்றி வளைக்கிறவள் அல்ல.

“தம்பி, நீங்கள் போகாட்டி என்ன?”

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கை இப்ப உந்தக் கேள்வியளை விடாமல் கேக்கிறது நானும் இன்னொராளும்தான், அக்கா. நான் நிண்டிட்டால் ஒராள்தான் மிச்சம்.”

“இஞ்சையும் ஒராள்தான் மிச்சம்,” என்றாள் அக்கா, என்னைக் காட்டி.

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் ஒரு வசனம் இருந்தது. சின்ன வசனம். நெஞ்சுக்குள் எல்லாச் சொற்களும் வரிசையாய் நின்றன. நான் எழும்பி, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போய்விட்டேன். துணி இன்னும் ஈரம். மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறும்போது, “வாறன்” என்றார். எங்கள் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் போய் மூன்றாம் கிழமை, கந்தோருக்குப் போகும் வழியில் என் சைக்கிள் பிரேக் பிடிக்கவில்லை. திருத்துகிற கடைக்காரர் பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை ஆரோ நாள் தவறாமல் இறுக்கி வந்திருக்கினம், அக்கா. இப்பதான் விட்டிருக்கினம்,” என்றார். ஆறு மாதமும் நான் எழும்புவதற்கு முன் அவர் படியிறங்குகிற சத்தம் படுக்கையில் எனக்குக் கேட்கும். காரணம் அன்றுதான் தெரிந்தது. சந்தியிலிருந்து வீடுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன்.

போன கிழமை ஓர் இளம் டொக்டர் படலையடியில் வந்து நின்றார். மேல்வீடு வெறுமையாய்க் கிடக்கிறதாமே, வாடகைக்குத் தருவீர்களா என்று கேட்டார். நல்ல பிள்ளை. ஒரு கேள்விதான் கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லைத் தம்பி,” என்றேன். “மேலை ஆள் இருக்கு.”