நடுவில் ஆள் வேண்டாம்

"யோவ் தபால், அந்த அம்மாவுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? கட்டடம் மொத்தத்தையும் மாத்திட்டா நான் எதைத்தான்யா கட்டுறது?"

சைட் இன்ஜினியரின் குரல், ஃபோனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் தெளிவாகவே கேட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் தலை நிமிராமல் சிரித்தார்கள்.

தபால் என்பது அவருடைய பெயர் இல்லை. விசிட்டிங் கார்டில் 'ஒருங்கிணைப்பாளர்' என்று அச்சடித்திருக்கும். ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்து படம் வரையும் ஆர்க்கிடெக்ட் அம்மா சொல்வதைச் சைட்டில் நின்று கட்டும் இன்ஜினியரிடமும், இன்ஜினியர் சொல்வதை ஆர்க்கிடெக்டிடமும் கொண்டு சேர்ப்பதுதான் அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் தபால்தான். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அன்றைய குழப்பத்துக்குக் காரணமே முதலாளிதான். "இனிமே நூலகம் முழுக்க கிளவுட்ல இருக்கணும்" என்று காலையில் உத்தரவு போட்டிருந்தார். அப்போது கட்டிக்கொண்டிருந்த நூலகத்தின் படங்களை எல்லாம் இணையத்தில் ஏற்றி வைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஆனால் படம் வரைகிறவர்கள் உலகத்தில் கிளவுட் என்றால் வேறு. ஒரு படத்தில் எந்தப் பகுதியை மாற்றினார்களோ அதைச் சுற்றி மேகம் மாதிரி நெளிநெளியாக ஒரு கோடு போடுவார்கள், அதற்குப் பெயர் கிளவுட். வரைவாளர் சொன்ன சொல் தட்டாதவர். மூன்று மாடி நூலகத்தையும் வளைத்து ஒரே மேகமாகப் போட்டுச் சைட்டுக்கு அனுப்பிவிட்டார். மேகத்தைப் பார்த்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்பது சைட்டில் சட்டம். கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்கள்.

தபால் ஆர்க்கிடெக்டின் அறைக் கதவைத் தட்டினார்.

"சைட்ல ஒரு சின்ன சந்தேகம் மேடம். சார் உங்க படத்தை ரொம்ப உன்னிப்பா பாத்திருக்காரு. மேகம் கொஞ்சம் பெரிசா இருக்கோன்னு நினைக்கிறாரு."

விஷயத்தைக் கேட்டதும் ஆர்க்கிடெக்டின் முகம் சிவந்தது. "ஒரு ஃபோன் போட்டுக் கேக்க மாட்டாரா அந்த ஆளு? சிமென்ட் மூட்டைக்கு இருக்கிற புத்திகூட இல்லையேன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

தபால் வெளியே வந்து ஃபோனை எடுத்தார். "சார், மேடம் உடனே சரி பண்ணித் தர்றேன்னாங்க. நீங்க வேலையை நிறுத்தி வச்சது ரொம்ப நல்லதாப் போச்சுன்னு சொல்லச் சொன்னாங்க."

இப்படித்தான் பல வருடங்களாக நடந்து வந்தது. அந்தப் பக்கம் புறப்படும் வசவு இந்தப் பக்கம் வந்து சேரும்போது வணக்கமாக இருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் மேசையின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்து தலையசைப்பதைத் தவிர, ஆர்க்கிடெக்டும் இன்ஜினியரும் நேரில் பேசிக்கொண்டதே கிடையாது. ஆனாலும் கட்டடங்கள் எழும்பின, ஒழுகாமலும் இருந்தன. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். தபால் அந்த இடியை வாங்கிப் பாட்டாக்கித் தரும் மத்தளம். மனசுக்குள் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மேகக் குழப்பம் முதலாளியை உற்சாகப்படுத்திவிட்டது. தபாலைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பாத்தியா தபால்? இதுக்குத்தான் சொல்றேன். மூணு கம்பெனி அவங்க சாஃப்ட்வேரை ஒரு மாசம் சும்மா குடுத்திருக்காங்க. படம், அளவு, கேள்வி, பதில் எல்லாம் அதுக்குள்ளயே. எது நமக்குச் சரியா வரும்னு நீ பாத்துச் சொல்லு. அது வந்துட்டா அவங்களே நேரடியாப் பேசிக்குவாங்க. நடுவுல ஆள் வேண்டாம்."

நடுவில் இருந்த ஆள் "சரி சார்" என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். பள்ளிக்கூட விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்க நாற்காலிக்கு நீங்களே ஆள் தேடணுமா?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்போ மூணுல எது ரொம்ப மோசமோ அதைக் கைகாட்டிட்டு வாங்க."

அவருக்கு அது பிடிக்கவில்லை. செய்கிற வேலையைச் சரியாகச் செய்துதான் பழக்கம். ஆனால் பயமாக இருந்தது. இந்த வயதில் இன்னொரு கம்பெனியில் போய், திட்டை மாற்றிச் சொல்லத் தெரியும் என்று வேலை கேட்க முடியுமா? அது ஒரு பயம். இன்னொன்று அதைவிடப் பெரியது. இரண்டு பேரும் நேரடியாகப் பேச ஆரம்பித்தால் இத்தனை வருடம் அவர் கொண்டுபோய்க் கொடுத்த நன்றி, வணக்கம், பாராட்டு எல்லாமே சொந்தத் தயாரிப்பு என்று தெரிந்துபோகும்.

மென்பொருள்களின் பெயர் வாயில் நுழையாததால் அவற்றின் சின்னத்தைப் பார்த்து ஆரஞ்சு, நீலம், பச்சை என்று வைத்துக்கொண்டார். ஆரஞ்சில் ஒரு படம் திறப்பதற்குள் அந்தக் கட்டடத்தையே கட்டி முடித்துவிடலாம் போலிருந்தது. அதை முதல் நாளே ஒதுக்கிவிட்டார்.

நீலத்தில் ஒரு வசதி இருந்தது. யார் என்ன எழுதினாலும் அது முதலில் ஒருவருக்குப் போகும், அவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் அடுத்தவருக்குப் போகும். அந்த ஒருவராகத் தன்னையே போட்டுக்கொண்டார் தபால். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாக அவருக்குத் தோன்றியது. எழுதுவதெல்லாம் முதலில் தன்னிடம்தான் வரும் என்று இருவருக்கும் தகவலும் சொன்னார்.

மறுநாளே இன்ஜினியரிடமிருந்து வந்தது: 'இந்தப் படிக்கட்டை வரைஞ்சவங்க குள்ளமா, குருடா? பாதி வழியில பீம் தலையில இடிக்குது.' தபால் அதை 'படிக்கட்டு நன்று. பாதி வழியில் உள்ள பீமின் உயரத்தை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன்' என்று திருத்தி அனுப்பினார். திருப்தியாகத் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், செய்திக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'மூலச் செய்தி ஒருங்கிணைப்பாளரால் திருத்தப்பட்டது.'

அவருக்கு வேர்த்துவிட்டது. அவசரமாக அந்தச் செய்தியையே அழித்தார். 'ஒருங்கிணைப்பாளரால் அழிக்கப்பட்டது' என்று வந்தது, அதுவும் எல்லோருக்கும், மணியடித்து.

அன்று முழுக்க ஃபோன் எப்போது அடிக்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்க்கிடெக்டும் கேட்கவில்லை, இன்ஜினியரும் கேட்கவில்லை. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு விட்டார். நீலத்தை அதோடு மூடினார்.

மிச்சம் பச்சை. அதில் நடுவில் யாரும் கிடையாது. எழுதியது எழுதியபடி நேரே போகும். என்னவோ நடக்கட்டும், என் பெயர் அதில் இருக்காது என்று இருவரையும் அதில் சேர்த்துவிட்டார் தபால். உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசையும் இருந்தது. முதல் நாளே இரண்டு பேரும் குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள், முதலாளி பயந்துபோய்ப் பழையபடி தபாலே போதும் என்பார். நல்லவர்களுக்கும் இப்படி ஆசை வருவதுண்டு.

பீம் விஷயமாக இன்ஜினியர் பச்சையில் புதிதாக எழுதியதைத் தபால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திறந்து பார்த்தார்.

'மதிப்பிற்குரிய மேடம், தங்கள் படிக்கட்டு மிக அழகு. பாதி வழியில் சற்றே குனிய நேர்வதால், வாசகர்களுக்குப் பணிவு பழக நல்ல வாய்ப்பு.'

தபால் இரண்டு கண்களாலும் இன்னொரு முறை படித்தார். பதிலும் வந்திருந்தது. 'மிக்க நன்றி சார். தங்கள் பாராட்டு ஊக்கம் அளிக்கிறது.'

பீம் அதே இடத்தில் இருந்தது. இரண்டு நாளில் இன்ஜினியரின் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி ஏறியது.

அடுத்த வாரம் ஆர்க்கிடெக்டின் முறை. தரைத்தளத்தில் ஜன்னல்களை ஒரு சாண் கீழே இறக்கி வைத்துவிட்டார்கள். சைட் புகைப்படத்தைப் பார்த்து அவர் பல்லைக் கடித்தது வெளியே வரை கேட்டது. ஆனால் எழுதியது இப்படி: 'ஜன்னல்கள் குழந்தைகளுக்கும் எட்டும்படி அமைந்திருப்பது புதுமை. தங்கள் கற்பனை வியக்க வைக்கிறது.'

இன்ஜினியர் உடனே பதில் போட்டார். 'தங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி மேடம். முதல் மாடியிலும் அப்படியே வைத்துவிட்டோம்.'

தபாலுக்குப் பொறுக்கவில்லை. இன்ஜினியருக்கு ஃபோன் போட்டார்.

"சார், ஜன்னலைப் பத்தி மேடம் எழுதினது பாராட்டு இல்ல சார்."

"பின்ன என்னய்யா? வியக்க வைக்குதுன்னு எழுதியிருக்காங்களே."

காலமெல்லாம் கசப்பில் சர்க்கரை போட்ட மனுஷனுக்கு, சர்க்கரையிலிருந்து கசப்பைப் பிரித்துத் தரும் வித்தை தெரியவில்லை. "ஒண்ணுமில்ல சார்" என்று வைத்துவிட்டார்.

நாளாக ஆக மரியாதை முற்றியது. ஆர்க்கிடெக்ட் யாரோடும் பேசாமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். இன்ஜினியருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டதாகச் சைட்டில் சொன்னார்கள். கொத்தனார்கள் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு அளவு கேட்டு வந்தார்கள். அதையும் ஒரு சாண் இறக்கச் சொல்லிவிட்டார் இன்ஜினியர்.

அன்று தபால் பஸ் பிடித்துச் சைட்டுக்கே போனார். பிளாஸ்திரியோடு நின்றிருந்த இன்ஜினியர் முன்னால் போய் நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னார்.

"சார், மேடம் கேக்கச் சொன்னாங்க. கண்ணைப் பையில போட்டுக்கிட்டா ஜன்னல் வைக்கிறீங்க?"

ஆர்க்கிடெக்ட் அப்படி எதுவும் சொல்லவில்லை. தபால் தன் தொழிலில் முதல் முறையாக ஒரு திட்டைச் சொந்தமாகத் தயாரித்திருந்தார்.

கண்ணைத் திறந்தபோது இன்ஜினியரின் முகத்தில் பல நாள் காணாத வெளிச்சம் இருந்தது. "அப்படிச் சொல்லு. இப்பப் புரியுது. ஒரு சாண் இறங்கிடுச்சா? ஏத்திடலாம். தலையை இடிக்கிற படிக்கட்டை வரைஞ்சிட்டு ஜன்னலைப் பத்திப் பேச வந்துட்டாங்களான்னு போய்க் கேளு அந்த அம்மாவை."

தபால் போய்க் கேட்டார், ஒரு சொல் மாற்றாமல். ஆர்க்கிடெக்டும் மலர்ந்துபோனார். அன்று மாலைக்குள் பீமின் உயரம் திருத்தப்பட்டுவிட்டது. ஜன்னல்களும் ஏற ஆரம்பித்தன.

வீட்டுக்கு வந்த தபால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டாள் மனைவி.

"உள்ளதை உள்ளபடி சொன்னதும் வேலை ஒரே நாள்ல நடந்துடுச்சு. அப்போ இத்தனை வருஷமா நான்தான் அவங்களுக்கு நடுவுல சுவரா நின்னிருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"அப்படித்தான். பச்சையையே வாங்கச் சொல்லப் போறேன். கொஞ்ச நாள் மரியாதையா எழுதுவாங்க, அப்புறம் அவங்களாவே திட்டிக்கப் பழகிடுவாங்க. நான் விலகிக்கிறதுதான் நியாயம்."

அவள் அவர் தட்டில் சாப்பாட்டைப் போட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

மாதக் கடைசியில் பச்சைக் கம்பெனியிலிருந்து விற்பனைப் பெண் வந்தாள். முதலாளி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஆரஞ்சு ஏன் ஆகாது, நீலத்தில் என்ன சங்கடம், பச்சை ஏன் சரி என்று தபால் தெளிவாக, யாருக்கும் வலிக்காமல் எடுத்துச் சொன்னார். முதலாளி தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ இதையே வாங்கிடலாம். நடுவுல ஆள் வேண்டாம், இல்லையா?"

"வேண்டாம் சார்" என்றார் தபால். "நானே அதைப் பத்தி உங்ககிட்ட பேசணும்னுதான் இருந்தேன்."

விற்பனைப் பெண் குறுக்கிட்டாள். வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் பேச வேண்டும், வாடிக்கையாளர் கேட்கிற ஒரு வசதியைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம், அதற்காக ஆர்க்கிடெக்டையும் இன்ஜினியரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதில் ஒரு சிக்கல் என்றாள்.

"ரெண்டு பேரும் வேற வேற கேட்டாங்களா?" என்றார் முதலாளி.

"இல்ல சார், ஒண்ணேதான். எழுதுறதெல்லாம் மொதல்ல தபால் சாருக்குப் போகணும், அவர் மாத்தி எழுதினப்புறம்தான் அந்தப் பக்கம் போகணும்னாங்க. 'எனக்கு வர்றதையும் அவர் மாத்தித்தான் தர்றாருன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும், ஆனா பாவம், அந்தப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு அது தெரியாது, தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க'ன்னு ரெண்டு பேருமே கேட்டுக்கிட்டாங்க சார்."